சும்மா வந்தோம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. வார இணைப்புகளிலும் விடுமுறைக்காலச் சிறப்பிதழ்களிலும் ஆண்டுக்கு நாலைந்து முறை வரும். குறைந்த செலவில் ஒருநாள் சுற்றுலா என்கிற மாதிரி தலைப்பு இருக்கும். வேடந்தாங்கல், முட்டுக்காடு படகுத்துறை, தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, இன்னும் தெற்கே போனால் கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை. ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம், திறக்கும் நேரம், வார விடுமுறை. கடைசியில், சாப்பாடு கையில் கொண்டுபோவது நல்லது என்று ஒரு குறிப்பு. பல வருடங்களாக நான் இவற்றைக் கத்தரித்து வைக்கிறேன். தகவலுக்காக இல்லை, இடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இவற்றை ஓர் எழுத்து வகையாகவே படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியதால். ஒரு கதையைப் படிக்கும்போது சொல்வது யார், யாரிடம் சொல்கிறார் என்று கேட்கிறோம். அதே கேள்விகளை இந்தப் பட்டியலிடமும் கேட்கலாம்.

கேட்டால் முதலில் அகப்படுவது அந்தச் சாப்பாட்டு வரிதான். அதற்கு எழுவாய் கிடையாது. கொண்டுபோகலாம், சரி, கட்டுவது யார்? புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தண்ணீர் பாட்டில் நிரப்பி, விரிப்பு மடித்து வைக்கிறவள் நாலரை மணிக்கு எழுந்தாக வேண்டும். பட்டியல் 'நீங்கள்' என்று கூப்பிடுகிற ஆளோ எட்டு மணிக்கு எழுகிறார், குளிக்கிறார், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அவருக்குப் பெட்ரோல் செலவு உண்டு, பார்க்கிங் செலவு உண்டு. யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்ற செலவை எந்தப் பட்டியலும் இதுவரை கணக்கில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பது வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு வாரத்திலேயே கனமான நாள். கறி வாங்கி வந்துவிடுவார்கள். மசாலா அரைக்க வேண்டும். வாரத்துக்கான இட்லி மாவு, திங்கட்கிழமைக்கான சீருடை, பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய். வேலைக்குப் போகிறவளுக்கு ஆறு நாள் தள்ளிப்போட்ட வீட்டுவேலை முழுவதும் அன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 'ஈடுபட்ட' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெண்களில் 81 விழுக்காட்டினரும் ஆண்களில் 26 விழுக்காட்டினரும்தான் ஈடுபட்டவர்கள். 2024இல் மறுபடி எடுத்தபோது 289, 88 என்று ஆனது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆணுக்கு ஒன்பது நிமிடம் மிச்சம். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பட்டியல்களின் பெருமையே அதுதான். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழே இலவசம். அர்ஜுனன் தபசு காசே கேட்பதில்லை. மகளிர் தினத்தன்று தொல்லியல் துறைச் சின்னங்களில் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்தபோது, 40 ரூபாய் இல்லாமல்தான் நாம் இத்தனை நாள் வராமல் இருந்தோம் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் நமக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. ஆனால் அந்தத் திட்டத்தைப் பாராட்டும் பேச்சுகளைக் கேட்டுப்பாருங்கள். வேலைக்குப் போகிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், மிச்சப் பணத்தில் பிள்ளைக்கு நோட்டு வாங்குகிறாள். கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள் என்று யாரும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் மாணவிகளில் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துக்குள் ஒரு நாள் வெகுநேரம் நின்றிருந்தேன். அர்ஜுனன் தபசுக்கு அடுத்தாற்போல் இருப்பது. கூட்டம் தபசோடு நின்றுவிடும். உள்ளே ஓர் ஆயர்பாடியே செதுக்கியிருக்கிறார்கள். ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்குகிறது. ஒருத்தி தலையில் அடுக்குப் பானையோடு நடக்கிறாள். ஒருவன் புல்லாங்குழல் வாசிக்கிறான். குழந்தையைத் தோளில் ஏற்றிவைத்திருக்கும் ஆளும் இருக்கிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் பானையும் குழலும் ஒரே சுவரில் இருப்பது கண்ணை விட்டுப் போகவில்லை. பல்லவர் காலத்துச் சிற்பியைக் குற்றம் சொல்ல வரவில்லை. கண்ணால் கண்டதைச் செதுக்கியிருப்பார். பானை இல்லாத பெண் வழியில் தென்பட்டிருந்தால் அவளையும் செதுக்கியிருப்பாரோ என்னவோ.

'சும்மா' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. சித்தர்களும் ஞானிகளும் சும்மா இருப்பதை அடைவதற்கு அரிய நிலை என்றார்கள். அதே சொல்லைத்தான் வீட்டில் பதினான்கு மணிநேரம் உழைக்கிற பெண்ணுக்கும் கொடுத்திருக்கிறோம்: "என்ன பண்றாங்க?" "வேலைக்கெல்லாம் போகல, வீட்ல சும்மாதான் இருக்காங்க." வீட்டுக்குள் வேலை செய்தாலும் அவள் சும்மா இருக்கிறாள். வாசற்படி தாண்டிவிட்டால் சும்மா இருக்கவே கூடாது. கையில் பை வேண்டும், நடையில் அவசரம் வேண்டும், கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' புத்தகத்தின் மையமே இதுதான். நகரத்தில் பெண் எப்போதும் ஏதோ வேலையாக வந்தவளாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்கிறார்கள். லண்டனில் வர்ஜீனியா உல்ஃப் 1927இல் எழுதிய நடைக்கட்டுரையில்கூட, குளிர்கால மாலையில் தெருவில் இறங்க ஒரு பென்சில் வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே அது விளையாட்டான சாக்கு. இங்கே சாக்கு தவறினால் விலை வேறு. பள்ளி வயதில் தோழிகளோடு ஒரு சினிமாவுக்குப் போய்வந்ததோடு தன் படிப்பு நிறுத்தப்பட்டதைக் கவிஞர் சல்மா வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒரு சினிமா டிக்கெட் எத்தனை ரூபாய் என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு புரியாது.

அம்மா செங்கல்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 38 வருடம் ஆகிறது. கடல் 30 கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் பஸ்ஸில் ஒன்றேகால் மணிநேரம். அவள் கடலைப் பார்த்தது மூன்று முறை. புதுப்பெண்ணாக, நாத்தனார் குடும்பத்தோடு ஒரு தடவை. பம்பாயிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்துக்கு ஊர் சுற்றிக்காட்ட ஒரு தடவை. அன்று எல்லாரும் தண்ணீரில் இறங்க, அவள் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவல். மாசி மகத்துத் தீர்த்தவாரிக்கு ஒரு தடவை. மூன்று முறையும் அவளுடைய பென்சிலை வேறு யாரோதான் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் மேல்மருவத்தூருக்கு அவள் பதினோரு வருடம் தொடர்ந்து போயிருக்கிறாள். மார்கழியில் எங்கள் தெருவே சிவப்பாகிவிடும். மாலை போட்டு, சிவப்புச் சேலை கட்டி, இருமுடியோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் கிளம்புவார்கள். அந்தச் சீசனில் எக்ஸ்பிரஸ் ரயில்களையே மேல்மருவத்தூரில் தற்காலிகமாக நிறுத்துகிறார்கள் என்றால் கூட்டத்தை நீங்கள் ஊகிக்கலாம். மாதவிலக்கு நாளிலும் பெண் கோயிலுக்குள் போகலாம், கருவறையில் தானே பூசை செய்யலாம் என்பது அந்தப் பீடத்தின் பழக்கம். ஒருவரையொருவர் 'சக்தி' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். யாருடைய மனைவி, என்ன சாதி என்ற விசாரிப்பு அந்த ஒரு சொல்லில் கொஞ்ச நேரம் ஒத்திப்போடப்படும். கல்லூரியில் படிக்கும்போது கறுப்புச் சட்டை உற்சாகத்தில் நான் இதைக் கேலி செய்திருக்கிறேன். எல்லாருக்கும் 'அம்மா'வாக அங்கே உட்கார்ந்திருந்தவர் ஓர் ஆண் என்பதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவேன். ஒரு வருடம் துணைக்குப் போனபோதுதான் நான் பார்க்காத அம்மாவைப் பார்த்தேன். மண்டபத் தரையில் முன்பின் தெரியாத பெண்களுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்து இரவு ஒரு மணி வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாள். சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் முதல் ஆளாக பஜ்ஜி வாங்கித் தின்றாள்.

நம் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து பயணம் போய், வெளியில் தங்கி, பொதுவில் தூங்கி எழுகிற இடத்தை எந்த வார இறுதிப் பட்டியலும் பொழுதுபோக்கில் சேர்ப்பதில்லை. அது ஆன்மிகப் பக்கத்தில் போய்விடுகிறது. திருக்கழுக்குன்றத்துப் பௌர்ணமி கிரிவலமும் அப்படித்தான். நள்ளிரவில் பெண்கள் கும்பலாகச் சாலையில் நடக்கிறார்கள், நடுவில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொள்கிறார்கள், வழியில் கம்பங்கூழ் குடிக்கிறார்கள். நமக்கு ஊர்சுற்றும் இடங்கள் இல்லை என்று பெண்ணியக் கூட்டங்களில் பேசும்போது இவர்களை மறந்துவிட்டுத்தான் பேசுகிறோம். அதேசமயம் அந்தச் சாவி ஒரே ஒரு பூட்டைத்தான் திறக்கும். மேல்மருவத்தூருக்குத் தனியாகப் போய்வந்த அம்மாவால், அதே ரயில் பாதையில் எதிர்த்திசையில், வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போக முடியவில்லை. புலியைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. புலி சாமியில்லை.

மாசி மகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த நிலவுக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் குச்சி நட்டு, சேலையையும் போர்வையையும் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாளாம். அவளைச் சாந்தப்படுத்தி அழைத்துப்போக வருகிறார்கள். யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கடலுக்குப் போன ஒருத்தியைக் கும்பிடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் பழமும் விளக்கும் வைப்பார்கள். சாமி வந்து ஆடுவார்கள். காது குத்துவார்கள், மொட்டை போடுவார்கள், அலைக்கு முன்னாலேயே கல்யாணம் நடக்கும். முந்தின இரவு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், வளையல் கடையும் பலூன் கடையும் இருக்கும், பெண்கள் குழந்தையை அணைத்துக்கொண்டு திறந்த மணலில் தூங்குவார்கள்.

பெங்களூரில் 2003இல் தொடங்கிய பிளாங்க் நாய்ஸ் என்ற அமைப்பு, பெண்களைப் பூங்காக்களில் ஒன்றுசேர்ந்து படுத்துத் தூங்க அழைக்கும் ஓர் இயக்கத்தை நடத்துகிறது. பயமில்லாமல் பொதுவில் கண்ணை மூட முடிகிறதா என்று நம் உடம்பையே கேட்கிற இயக்கம். வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவிகளுக்கு ஒரே வியப்பு. ஒரே ஒருத்தி மட்டும் வியக்கவில்லை. "நாங்க வருஷா வருஷம் கடக்கரையில படுப்போம் மேடம்" என்றாள். அவள் இருளர் பெண் என்பது அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பத்திரிகைகளின் மாசி மகப் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. சூரியன் உதிக்க, நிழலுருவாக ஒரு கிழவி, மஞ்சள் சேலை காற்றில். ஆனால் அந்தப் பக்கங்களில் அவர்கள் 'வந்தவர்கள்' இல்லை, நாம் போய்ப் பார்க்க வேண்டிய காட்சி. இவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து மூன்று நாள் வெளியே வந்து, வேலை எதுவும் செய்யாமல் கடலைப் பார்த்து உட்காருவது என்றால் என்ன என்பதை எந்தப் படவிளக்கமும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையின் மிகப் பெரிய, மிக மலிவான விடுமுறை அதுதான்.

யார் பயணி, யார் காட்சி என்ற இந்தப் பாகுபாடு மாமல்லபுரத்தில் தினமும் நடக்கிறது. 2021 அக்டோபரில், கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார்ந்த தன்னை எழுப்பி அனுப்பியதைப் பற்றிப் பூஞ்சேரி நரிக்குறவர் குடியிருப்பைச் சேர்ந்த ஓர் இளம் தாய் கேமரா முன் ஆத்திரமாகப் பேசினார். தமிழ்நாடே பார்த்தது. அமைச்சர் வந்து அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டா வழங்கினார். பட்டா பெரிய விஷயம். எனக்கு அந்தக் காணொளியில் மறக்காதது வேறு: அவர் கேட்டது சாப்பாட்டைப் பற்றி மட்டும் இல்லை, உட்காருவதைப் பற்றி. பாசிமணி விற்கும் பெண்கள் நாள் முழுக்க அந்த ஊரில் நடக்கலாம். உட்கார்ந்தால்தான் கேள்வி வரும். ஷில்பா பட்கே குழுவும் இதைத்தான் வலியுறுத்துகிறது: பொதுவெளியிலிருந்து ஏழைகளையும் தலித்துகளையும் முஸ்லிம்களையும் துடைத்தெடுத்துவிட்டு, அங்கே நடுத்தர வர்க்கப் பெண்ணுக்குப் பாதுகாப்பான ஒரு நாற்காலி போடுவது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. மாணவிகளோடு இதை விவாதிக்கும்போது, 'கண்ட கண்ட ஆளுங்க' இல்லாத பீச் வேண்டும் என்று எப்போதும் யாராவது ஒருத்தி சொல்வாள். கண்ட ஆள் யார் என்று கேட்டால் பதில் வராது.

டிசம்பர் கடைசியில் தொடங்கும் நாட்டிய விழாவுக்கு நான் வருடம் ஒரு தடவையாவது போகிறேன். மேடையில் பெரும்பாலும் பெண்கள். கடைசி நடனம் முடிவதற்குள் நாற்காலியை விட்டு எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் பெண்கள். அலைச்சறுக்கில் நிலைமை கொஞ்சம் வேறு. இந்த ஊர்ப் பெண் கமலி மூர்த்தியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த குறும்படம் 2020இல் பாஃப்டா பரிந்துரை வரை போனது. படத்தில் சறுக்குபலகையில் பாயும் மகளைவிட, ஊர்ப்பேச்சை வாங்கிக்கொண்டு அவளை விளையாட விட்ட தாயைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஓர் அலை கிடைக்க, தாய் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். எதற்கு என்றாள். சும்மா என்றேன். கோயிலுக்கா என்றாள். இல்லைம்மா, சும்மா. மாவு அரைக்கணுமே என்றாள். தம்பி அரைப்பான் என்றேன், அவனிடம் கேட்காமலே. மத்தியானம் இரண்டு மணிக்கு பஸ் ஏறினோம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே, கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்தோம். அரைமணி நேரம் அம்மா பேசவில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். இருட்டத் தொடங்கியபோது நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்றார்.

"யாரோட வந்தீங்கம்மா? ஆம்பளைங்க யாரும் வரலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "பையன் வண்டி நிறுத்தப் போயிருக்கான். இப்ப வந்துருவான்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, அவர் மேலா அம்மா மேலா என்று தெரியவில்லை. இத்தனை வருடம் படித்து, எழுதி, வகுப்பெடுத்து, கடைசியில் இல்லாத வண்டியை நிறுத்த ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருக்கிறது. பின்னால் பாசிமணிக் கூடையோடு ஓர் அக்கா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் போல. "நீங்க பஸ்ஸுலதானே வந்து எறங்குனீங்க, நான் பார்த்தேனே" என்று சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்து அவரும் உட்கார்ந்தார். காலையிலிருந்து உட்காரவில்லை, முழங்கால் வலி என்றார். அம்மா தைலம் பற்றி ஏதோ சொன்னாள். மணி எதுவும் வாங்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்ற ஆரம்பித்தது.

ஏழு மணிக்கு மேல் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்ட அம்மா, பஸ் கிளம்பியதும் வெளியே எட்டிப் பார்த்து, "பையன் இன்னும் வண்டி நிறுத்திட்டுதான் இருக்கான்" என்றாள்.